கால் கழுவும் பட்டியல்

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழனன்று, ஏசு சீடர்களுக்குக் கழுவியதுபோல, சாமியார் யார் யாருக்குக் கால் கழுவுவது என்று பன்னிரண்டு பேருடைய பட்டியலை எழுதும் வேலை பதினோரு வருடமாக சார்லஸின் கையில் இருந்தது. சாமியார்கள் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். பட்டியல் மட்டும் அவனை விட்டுப் போகவில்லை. திண்டுக்கல் பைபாஸுக்கு அந்தப் பக்கம் இருக்கிற காலனியில் அவன்தான் கோயில் கமிட்டித் தலைவர். பகலில் தோல் பதனிடுகிற ஷாப்பில் மேஸ்திரி. இரண்டு இடத்திலும் அவனைக் கண்டால் உட்கார்ந்திருக்கிற ஆள் எழுந்திருப்பான். எழுந்திருக்காதவன் யாரென்பது சார்லஸுக்கு வாரக்கணக்கில் நினைவிருக்கும்.

கால் கழுவ உட்காருகிறவர்கள் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்து, நகம் வெட்டி, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டுதான் வருவார்கள். அழுக்குக் காலை யாரும் சாமியார் முன்னால் நீட்டுவதில்லை. சாமியார் சொம்பிலிருந்து கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, துவட்டி, குனிந்து முத்தம் கொடுப்பார். சார்லஸ் வெள்ளை வேட்டியில் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாக நகர்வான். அதனால் ஊரில் பேச்சு இல்லாத ஆள், கோயிலில் தாலி கட்டின ஆள், பார்க்கச் சுத்தமான கால் உள்ள ஆள் என்று சலித்தெடுத்துத்தான் எழுதுவான்.

இந்த வருடம் சூசைமாணிக்கம் தன் பெயரைச் சேர்க்கச் சொல்லிக் கேட்டான்.

சூசைமாணிக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற ஆள். வயது முப்பத்தெட்டு. பதினைந்து வருடம் நின்றதில் பாதம் வெடித்து, விரலிடுக்கெல்லாம் வெந்து வெளுத்து, நகம் மஞ்சளாகத் தடித்துப்போயிருந்தது. பக்கத்து ஊர் அகரத்திலிருந்து முத்துப்பேச்சியைக் கூட்டி வந்து ரெஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் குடித்தனம் நடத்துகிறவன். கோயில் கல்யாணம் இல்லை. குடியும் உண்டு. தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பலோடு சார்லஸ் வீட்டு வாசலில் வந்து நின்றான். இன்றோடு குடியை விட்டேன், ஈஸ்டர் வரைக்கும் தொட மாட்டேன், நான் அந்த நாற்காலியில் உட்காருறதைப் பார்க்கணும் என்கிறது எம் பொண்ணு, ஒரு பேரு சேருங்கண்ணே என்றான். முதலில் ஒரு வாரம் தாங்குதா பாப்போம் என்று சார்லஸ் சிரித்து அனுப்பினான்.

ஒரு வாரம் தாங்கியது. ஐந்து வாரமும் தாங்கியது. கை நடுக்கமெல்லாம் நின்று, கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்து, ஞாயிறு பூசைக்கு முத்துப்பேச்சியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்து கடைசி வரிசையில் நின்றான். தினம் விடியுமுன் மல்லிகைக் காட்டில் பூப்பறிக்கப் போகிற முத்துப்பேச்சி, அங்கே கூட வேலை செய்கிற பெண்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள்.

ஐந்தாம் ஞாயிறு கமிட்டிக் கூட்டத்தில் சாமியாரே அவன் பெயரை எடுத்தார். சார்லஸ் எழுந்து நின்றான். "அவன் குடிகாரன் சாமி. அன்னிக்கு நாற்காலில இருந்து உருண்டு விழுந்தா தாம்பாளத்தையில்ல நான் கீழ போடணும்?" என்றான். கூட்டம் சிரித்தது. சாமியார் சிரிக்கவில்லை, ஆனாலும் மேற்கொண்டு பேசவில்லை. சார்லஸ் தீர்மான நோட்டில் தன் கைப்பட எழுதினான்: சூசைமாணிக்கம் பெயர், குடிப்பழக்கம் காரணமாக, ஏற்கப்படவில்லை.

அவன் குடிக்கவில்லை என்பது சார்லஸுக்குத் தெரியும். தினம் பக்கத்தில் நின்று வேலை வாங்குகிறவனுக்கு வாயின் வாடை தெரியாதா? அந்தக் காலைச் சாமியார் கையில் வைத்துப் பார்க்க அவனுக்கு மனசில்லை, அவ்வளவுதான் விஷயம்.

பெரிய வாரத்துச் செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரைக்கு மானேஜர் மணிமாறன் போன் போட்டார். பதினோரு மணிக்கு அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள். கழிவுத் தொட்டி மோட்டாரில் தோல் சவ்வு அடைத்துக்கொண்டு, தண்ணீர் மேலே வழிந்து ஓடைக்குப் போகிறது. அதற்குள் சரியாக வேண்டும் என்றார்.

தொட்டி பதினான்கு அடி ஆழம். சட்டப்படி அதில் ஆள் இறங்கவே கூடாது. ஷாப்பு வழக்கப்படி இறங்கலாம், ஆனால் முந்தின நாளே மூடியைத் திறந்து ஒரு ராத்திரி முழுக்க ஆறப்போட்டு, காலையில் நீளக் கழியால் அடிவரை கலக்கிவிட்டு, இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டுதான் இறங்க வேண்டும். இருபது வருடமாக ஆட்கள் உயிரோடு ஏறி வந்தது அந்த வழக்கத்தால்தான். புதிதாக வருகிற ஒவ்வொருவனுக்கும் அதைச் சொல்லிக் கொடுத்தது சார்லஸ்.

அன்று மூடியைத் திறந்து அரை மணி நேரம்தான் ஆகியிருந்தது.

சார்லஸ் முதலில் தொட்டி வேலை பழகின பொம்மையனைக் கூப்பிட்டான். நேற்றே திறந்திருக்க வேண்டியதுதானே என்று சொல்லிவிட்டு பொம்மையன் திரும்பிப் பார்க்காமல் டிரம் ஓடுகிற பக்கம் போய்விட்டான். அடுத்து சூசைமாணிக்கத்தைக் கூப்பிட்டான். தோள்மேல் கிடந்த ஈரத் தோலைக் கீழே போட்டுவிட்டு அவன் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"ஆறலையேண்ணே."

சார்லஸுக்கு மணிக்கட்டில் இருந்த கடிகாரம் மட்டும்தான் கண்ணில் பட்டது.

"ஏலே, அஞ்சு நிமிச வேல. சவ்வ இழுத்துப் போட்டுட்டு ஏறிரு. பட்டியல இன்னும் ஒட்டல. உம் பேரச் சேத்துவிடுறேன்."

"நெசமாவாண்ணே?"

"அதான் சொல்றேன்ல."

சூசைமாணிக்கம் சட்டையைக் கழற்றி மடித்து, மண் படாமல் ஒரு செங்கல்மேல் வைத்தான். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு ஏணியில் கால் வைத்தான். கயிறு ஸ்டோர் ரூமில் இருந்தது. போய் எடுத்து வர இரண்டு நிமிடம் ஆகும். யாரும் போகவில்லை. ஆறாவது படியில் நின்று தலையைத் தூக்கி, "வாடையே இல்லண்ணே" என்றான்.

உள்ளே இருக்கிறவன் வாடை இல்லை என்று சொன்னால் அந்த நொடியே அவனை மேலே இழுக்க வேண்டும். வாடை போய்விட்டது என்றல்ல, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம். இதையும் சொல்லிக் கொடுத்தது சார்லஸ்தான். அவன் வாயைத் திறக்குமுன் சூசைமாணிக்கத்தின் கை ஏணியை விட்டது.

சத்தம் கேட்டு சாகுல் ஹமீது ஓடி வந்தான். தோலுக்கு உப்புப் போடுகிற ஆள், ஐம்பதைத் தாண்டியவன். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. துண்டை நனைத்து முகத்தில் சுற்றிக்கொண்டான். யாரோ கொண்டு வந்த கயிற்றை இடுப்பில் முடிந்து மறுமுனையை சார்லஸின் கையில் திணித்துவிட்டு இறங்கினான். சார்லஸ் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடி மறுபடி அவனுக்கு நினைவு வந்தது அதுதான்: தான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றது. பொம்மையனும் இன்னும் நாலு பேருமாக இரண்டு பேரையும் வெளியே இழுத்தார்கள். சூசைமாணிக்கத்துக்கு உயிர் இல்லை. ஹமீதுக்கு இருந்தது, வாயில் நுரையோடு.

அதிகாரிகள் அன்று வரவில்லை.

சாயங்காலம் மணிமாறன் தன் அறையில் சார்லஸை உட்கார வைத்து டைப் அடித்த தாளை நீட்டினார். தொழிலாளி குடிபோதையில் தொட்டிப் பக்கம் போய்த் தவறி விழுந்துவிட்டார், வேலைக்காக யாரும் அவரை இறக்கவில்லை என்று இருந்தது. கீழே மேஸ்திரி கையெழுத்துக்கு இடம். பொம்மையன் தான் டிரம் பக்கம் இருந்ததாகச் சொல்லிவிட்டான், பாய் பிறகுதான் வந்தார், நீங்கள் மட்டும்தான் சாட்சி என்றார். ஸ்டேஷனுக்கு நாளைச் சாயங்காலத்துக்குள் தாள் போய்ச் சேர வேண்டும்.

"நான் ஒண்ணும் புதுசா சொல்லலையே மேஸ்திரி. நீங்களே கோயில் நோட்டுல குடிகாரன்னு எழுதி வச்சிருக்கீங்களாம்ல. ஊரே சொல்லுது."

சார்லஸின் மகள் தமிழ்மதிக்கு ஈஸ்டர் முடிந்து கல்யாணம். கோயிலில் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது பாக்கி. மணிமாறன் அதையும் விசாரித்தார், நல்லபடியாகத்தான் விசாரித்தார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சார்லஸ் வெளியே வந்தான். கையெழுத்துப் போட்டால் சூசைமாணிக்கம் குடிகாரனாகக் குழிக்குப் போவான். போடாவிட்டால் தான் ஜெயிலுக்குப் போக வேண்டும். நடுவில் வழி ஏதாவது இருக்கிறதா என்று வீடு வரைக்கும் தேடிக்கொண்டே நடந்தான்.

புதன்கிழமை காலை பெரியாஸ்பத்திரிப் பிணவறை வாசலில் வேப்பமரத்தடியில் முத்துப்பேச்சி உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம். பக்கத்தில் அவளோடு பூப்பறிக்கிற இரண்டு பெண்கள். சார்லஸைக் கண்டதும் எழுந்து வந்தாள். அவள் வேறு எதையும் கேட்கவில்லை.

"அண்ணே, குடிச்சிருந்தாருன்னு சொல்றாக. ஒங்க பக்கத்துலதான இருந்தாரு. குடிச்சிருந்தாரா?"

போலீஸ் விசாரிக்கிறது, ரிப்போர்ட் வரட்டும் என்றான் சார்லஸ். அவள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மரத்தடிக்கே திரும்பிப் போய்விட்டாள். கூட இருந்தவர்களில் ஒருத்தி, சார்லஸின் காதில் விழட்டும் என்றே சொன்னாள், தலைவருக்கு இன்னிக்குத் தொண்ட கட்டிப்போச்சு போல.

அங்கிருந்து நேராகக் கோயிலுக்குப் போனான். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தான். அப்படித்தான் தனக்கே சொல்லிக்கொண்டான். பெரிய வாரமாதலால் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்கு வெளியே நாலைந்து பேர் வரிசையில் நின்றார்கள். தலைவர் என்று வழிவிட்டார்கள். முழங்காலிட்டு, சாமி என்று தொடங்கினான். திரைக்கு அந்தப் பக்கமிருந்து சாமியார் நிறுத்தினார்.

"செவ்வாய்க்கிழமை விஷயமா சார்லஸ்?"

"ஆமா சாமி."

"இந்தக் கூண்டுக்குள்ள நீ சொன்னா நான் வெளிய வாயத் தொறக்க முடியாது. அது ஒனக்கு நல்லாத் தெரியும். அதுக்குத்தான் வந்தியா?"

சொல்ல வேண்டிய இடத்தில் போய்ச் சொல்லிவிட்டு வா, நான் எங்கும் போக மாட்டேன், இங்கேதான் இருப்பேன் என்றார் சாமியார். இன்னொன்றும் சொன்னார். அன்னிக்கு நீ குடிகாரன்னு சொன்னப்ப நானும் சும்மாதான் உட்கார்ந்திருந்தேன், அதை நான் யாரிடம் போய்ச் சொல்வதென்று நேற்றிலிருந்து தேடிக்கொண்டிருக்கிறேன் என்றார். சார்லஸ் எழுந்து வெளியே வந்தபோது வரிசையில் நின்றவர்கள் இவ்வளவு சீக்கிரமா என்பதுபோல் பார்த்தார்கள்.

சாயங்காலம் நாலு மணிக்கு மணிமாறன் போன் வந்தது. எடுக்கவில்லை. கால் போன போக்கில் மறுபடி பெரியாஸ்பத்திரிக்கே போய், சாகுல் ஹமீது கிடந்த வார்டில் நின்றான். மூக்கில் குழாய். கண் இரண்டும் ரத்தச் சிவப்பு. பேச முடியவில்லை. அவன் மனைவி காதர் பீவி ஒரு பிளாஸ்டிக் பேசினைப் பிடித்துக்கொண்டு கட்டிலோரம் நின்றாள். ஹமீது இருமி இருமி வாந்தியெடுத்தான். பேசின் நிறைந்துவிட்டது. சார்லஸ் அதை வாங்கிக்கொண்டு போய்க் கக்கூஸில் கொட்டிக் கழுவிக் கொண்டு வந்தான். யாரும் சொல்லிச் செய்ததில்லை. கழுவும்போதுதான் தெரிந்தது, பத்து வருடமாகத் தன் வீட்டு எச்சில் தட்டைக்கூடத் தான் கழுவினதில்லை என்பது.

பேசினை வாங்கிக்கொண்டு காதர் பீவி அவனைப் பார்த்தாள். கோபமில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவரு உங்க கோயில் ஆளுதானே மேஸ்திரி? எங்க ஊட்டுக்காரரு எறங்குனாரு. நீங்க ஏன் எறங்கல?"

சார்லஸ் கட்டிலைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான். "பயம்மா" என்றான். இரண்டு நாளில் அவன் வாயிலிருந்து வந்த முதல் உண்மை அது. வந்த பிறகு அடுத்ததை அடக்கி வைப்பது அவ்வளவு சுலபமாக இல்லை.

வார்டிலிருந்து ஸ்டேஷன் பத்து நிமிட நடை. எஸ்.ஐ. ஏற்கெனவே பாதி எழுதி வைத்திருந்தார். கையெழுத்துத் தாளைக் கொண்டு வந்தீங்களா என்றார். சார்லஸ் அதை எடுத்து மேசைமேல் வைத்தான், கையெழுத்துப் போடாமல்.

குடித்திருந்தானா என்று கேட்டார். இல்லை, நாற்பது நாளைத் தாண்டி ஒரு சொட்டு தொடவில்லை என்றான். யார் இறக்கியது என்று கேட்டார்.

"நான்தான் சார்."

எஸ்.ஐ. பேனாவைக் கீழே வைத்தார். என்ன பிரிவு வரும் தெரியுமா, மானேஜர் மேலும் வரும், ஆனால் முதலில் உள்ளே போகிறது நீங்கள்தான், வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறீர்கள் என்று சொன்னார்களே என்றார். தெரியும் என்றான். மூடி எப்போது திறந்தது, கயிறு ஏன் கட்டவில்லை, யார் போன் செய்தது, யார் இறங்க மறுத்தது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னான். எஸ்.ஐ. எழுதிக்கொண்டே வந்து கடைசியில் நிறுத்தினார். மற்றவன் மறுத்தபோது இவன் மட்டும் ஏன் இறங்கினான்?

சார்லஸ் பட்டியலைப் பற்றிச் சொன்னான். எஸ்.ஐ.க்குப் புரிய நேரமாயிற்று. கால் கழுவுறதுக்கா, என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "இது கேஸுக்கு வேண்டாம். நீங்க எறக்குனீங்க, அது போதும்" என்று சொல்லி அதை எழுதாமல் விட்டுவிட்டார். நாளைக்கு அடக்கம் முடிந்து அஞ்சு மணிக்கு நீங்களாக வந்துவிட வேண்டும், வராவிட்டால் ஜீப் வீட்டு வாசலுக்கு வரும் என்றார்.

அன்றைக்கு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. விஷயத்தைக் கேட்டு அவன் மனைவி சுவரோரம் சரிந்து உட்கார்ந்தவள்தான். தமிழ்மதி மட்டும் கேட்டாள், மூணாவது ஓலைக்கு முன்னாடிதான் உங்களுக்கு இதைச் சொல்லணும்னு தோணுச்சா என்று. அவள் கேட்டது நியாயம்தான். மாப்பிள்ளை வீட்டிலிருந்து மறுநாள் காலை எட்டு மணிக்கெல்லாம் போன் வந்துவிட்டது.

வியாழக்கிழமை காலை சார்லஸ் கோயில் அலுவலகத்துக்குப் போய்த் தீர்மான நோட்டைக் கேட்டு வாங்கினான். தான் எழுதியதற்குக் கீழே எழுதினான்: மேலே கண்டது பொய். சூசைமாணிக்கம் குடியை விட்டிருந்தார். எனக்குத் தெரிந்தே எழுதினேன். தேதி போட்டான். வழக்கமாகக் கையெழுத்துக்குக் கீழே தலைவர் என்று முத்திரை குத்துவான். முத்திரையையும் நோட்டையும் சாவியையும் மேசையிலேயே வைத்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனான்.

அங்கே இரண்டு பேர் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நாலடியில் சுக்கான் பாறை தட்டிவிட்டது. கடப்பாரை போட்டு உடைத்த கல்லை உள்ளே நின்று அள்ளிக் கொடுக்க இன்னொரு ஆள் வேண்டும். முன்பெல்லாம் சார்லஸ் மேட்டில் நின்று அகலம் பற்றாது, ஆழம் பற்றாது என்று சொல்கிற ஆள். இன்றைக்கு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள் குதித்தான். வெட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன், "கூடையத் தூக்கிக் குடுக்கத் தெரியுமாண்ணே?" என்றான். கிண்டல்தான். சார்லஸ் கூடையைத் தூக்கிக் கொடுத்தான். மூன்றாவது கூடையில் நகம் பிய்ந்தது. வெயில் தலைக்கு நேராக வந்தபோது குழி ஆறடி ஆகியிருந்தது.

ஒரு மணிக்கு உடல் வந்தது. பெரிய வியாழனில் அடக்கப் பூசை வைக்கக் கூடாது என்பதால் சாமியார் செபம் மட்டும் சொன்னார். வந்தவர்கள் அதிகமில்லை. கோயில் கமிட்டியில் மூன்று பேர், அகரத்திலிருந்து முத்துப்பேச்சியின் சனம், பொம்மையன். ஷாப்பிலிருந்து மாலை மட்டும் வந்தது. பொம்மையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் நின்றான். நேற்று ஸ்டேஷனில் சார்லஸ் சொன்னது ஊருக்குள் பரவிவிட்டது. பேச்சு அடங்கி எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

செபம் முடிந்ததும் சார்லஸ் முத்துப்பேச்சியிடம் போனான். மண்ணும் வியர்வையுமாக நின்றான். நேற்று அவள் கேட்டதற்கு இன்று பதில் சொன்னான். குடிக்கவில்லை, நான்தான் இறக்கினேன் என்றான். அது அவளுக்கும் எட்டியிருந்தது. தலையை மட்டும் அசைத்தாள். போலீஸ் எழுதிக்கொள்ளாததை அதன் பிறகு சொன்னான்.

"பட்டியல்ல பேரு சேக்குறேன்னு சொன்னேம்மா. அதச் சொல்லித்தான் எறக்குனேன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் பக்கத்தில் நின்ற மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அழுத்திக் காதைப் பொத்தினாள்.

"அந்த நாற்காலிக்கா?"

சார்லஸ் ஆமென்று தலையை ஆட்டினான்.

"எம்மவ கேட்டா நான் என்ன சொல்லுவேன்? ஒங்கப்பன் நாற்காலிக்குச் செத்தான்னா?"

அவள் தம்பி பாய்ந்து வந்து சார்லஸின் கழுத்தைப் பிடித்தான். சார்லஸ் கையைத் தூக்கவில்லை. சாமியாரும் பொம்மையனும் விலக்கினார்கள். சார்லஸ் பெட்டியின் கால்பக்கம் போய், கழுவி விடட்டுமா என்று கேட்க வாயெடுத்தான். இரண்டு நாளாக மனசில் அதைத்தான் வைத்திருந்தான். முத்துப்பேச்சி அவன் கண் போன இடத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள்.

"தொடாதீக" என்றாள். "கழுவணும்னா அவரு நடமாடையில கழுவியிருக்கணும்."

அவன் தள்ளி நின்றுகொண்டான். பெட்டி இறங்கியது. மண் போடும்போது எல்லோரும் ஒரு பிடி போட்டார்கள். மண்வெட்டியைப் பொம்மையனோடு மாறி மாறி வாங்கிக் குழியை மூடும் வரை சார்லஸ் தள்ளினான். அதை மட்டும் யாரும் தடுக்கவில்லை.

நாலரை மணிக்குக் கோயிலைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டியிருந்தது. உள்ளே பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகளை வரிசையாகப் போட்டு வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் எழுதின பட்டியலைச் சாமியார் ஒட்டவில்லை. கால் வெடித்தவர்களாகப் பார்த்துக் கூட்டி வரச் சொல்லியிருக்கிறாராம், யாரும் வர மாட்டேன் என்கிறார்களாம். வாசல்படியில் இருந்த ஒருவன் இதைச் சொன்னான். உட்கார்ந்தபடியேதான் சொன்னான். சார்லஸ் கேட்டுக்கொண்டு நடந்தான்.

ஸ்டேஷனில் ஏட்டு அவனைச் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்காரச் சொன்னார். செம்மண் காய்ந்து இரண்டு காலும் முழங்கால் வரை வெடித்துக் கிடந்தது. பெயர், தகப்பன் பெயர், வயது என்று ஏட்டு ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினார். தொழில் என்றார். தோல் ஷாப்பு என்றான். சங்கம், கோயில் என்று வேறு பொறுப்பு ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்போது பூசையில் மணி அடிக்கத் தொடங்கியது. பெரிய வியாழனன்று ஒரு தடவை விடாமல் அடிப்பார்கள். பிறகு சனிக்கிழமை ராத்திரி வரை மணிக்கயிற்றை யாரும் தொட மாட்டார்கள்.

அது அடித்து ஓயும் வரை ஏட்டு காத்திருந்தார். பிறகு மறுபடி கேட்டார்.

"இல்லீங்கய்யா" என்றான் சார்லஸ்.